கைப்பட எழுதிக் கேட்டால்

எதையும் பாதி படித்துவிட்டு மூடி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை மேடம். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம், பஸ் டிக்கெட்டின் அடிவரி, மிக்ஸி வாங்கினால் கூடவே வருகிற கியாரண்டி அட்டை, எல்லாவற்றையும் கடைசி வரை படிப்பேன். நேற்று நீங்கள் கையெழுத்துக்கு நீட்டிய வாக்குமூலக் காகிதத்தையும் அப்படித்தான் படித்தேன். அதில் 'கவனக்குறைவாக இருந்துவிட்டேன்' என்று நான் சொன்னதாகப் போட்டிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. கவனக்குறைவாக இருக்கவும் இல்லை. அதனால்தான் நானே டைப் அடித்துத் தருகிறேன் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டதற்கு நன்றி. இந்தக் கீபோர்டில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது, மற்றபடி ஒன்றும் குறையில்லை.

வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது தெரிந்தால் மற்றது சுலபமாகப் புரியும். நான்கு வருடமாக ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் ஒப்பந்த வழக்குகள். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், கை குலுக்குகிறார்கள். மூன்று வருடம் கழித்து அதே காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதற்கு அர்த்தம் இது இல்லை, அது என்று சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை எனக்கு அவ்வளவு பிடிக்கும். என் கூடப் படித்தவர்கள் எல்லாரும் கொலை வழக்கு என்று ஓடினார்கள். நான் மட்டும் ஷரத்து ஷரத்தாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்கிறேன். ஒருவர் தன் ஹாலை வாடகைக்கு விட்டார், 'அமைதியான நிகழ்ச்சிகளுக்கு மட்டும்' என்று எழுதி வாங்கிக்கொண்டு. எடுத்தவர் அங்கே சிரிப்பு மன்றம் நடத்தினார். காலை ஆறு மணிக்கு நாற்பது பேர் வரிசையாக நின்று சிரிப்பார்கள். சிரிப்பு அமைதியா, இல்லையா? எழுதியிருக்கிற சொல்லைப் பார்த்தால் ஹால்காரர் பக்கம். ஆனால் எங்கள் சீனியர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த வரியை ஏன் போட்டீர்கள்? பக்கத்து வீட்டில் ஒரு நோயாளி இருந்தார், அவருக்காகப் போட்டேன் என்றார் ஹால்காரர். அவர் இப்போது எங்கே? வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. வழக்கு அங்கேயே முடிந்தது. அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

போனதும் பெரியப்பாவிடம்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த நாப்பது பேரும் இப்ப எங்க சிரிக்கிறாங்க?" என்று கேட்டார். அவர் அப்படித்தான்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பஸ் டெப்போ ஸ்டோரில் முப்பத்தியொரு வருடம் பொறுப்பாளராக இருந்தவர். பிள்ளை இல்லை. பெரியம்மா இறந்த அடுத்த மாதம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "அந்த வீட்ல என் இருமலே எனக்குத் திருப்பிக் கேக்குது. வந்து இருங்க" என்றார். எங்கள் வீடு என்று சொல்கிறேன், அது எங்கள் வீடு இல்லை. அப்பா போன பிறகு நானும் அம்மாவும் அக்காவும் பதினோரு வருடத்தில் ஏழு வீடு மாறினோம். ஆறாவது வீட்டில், 'உரிமையாளரின் சொந்தத் தேவைக்கு ஏழு நாளில் காலி செய்ய வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. ஏழாவது நாள் மழை. அம்மா தெருவில் கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து, மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு, முந்தானையால் அதை மூடிக்கொண்டிருந்தாள். நனைந்தது அவள்தான், மிக்ஸி இல்லை. நான் அன்றையிலிருந்துதான் எல்லாவற்றையும் முழுசாகப் படிக்கிறேன்.

பெரியப்பாவின் வீடு பெரிசு இல்லை. இரண்டு அறை, ஒரு நீள வராந்தா, சமையலறை ஜன்னலைத் திறந்தால் பஸ் திரும்புகிற முனை. எந்தப் பஸ் எந்த கியரில் திரும்புகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். வந்த மூன்றாவது மாதம், வீட்டை எங்களுக்கு எழுதித் தருகிறேன் என்றார். நான்தான் சொன்னேன், சும்மா எழுதக் கூடாது, முறையாக ஒப்பந்தம் போட வேண்டும் என்று. அவர் வீட்டைத் தருகிறார், நாங்கள் ஆயுசு முழுக்க அவரைப் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம்.

"என்ன பாயிண்டு, ஆரம்பிக்கலாமா? இல்ல, இந்தப் பேனாவுக்கும் நமக்கும் முதல்ல ஒரு ஒப்பந்தம் போடணுமா?" என்றார். என்னைப் பாயிண்டு என்றுதான் கூப்பிடுவார். எதைப் பேசினாலும் 'ஒரு பாயிண்ட் இருக்கு' என்று நான் ஆரம்பிப்பேனாம்.

"நமக்குள்ள எதுக்கு மாமா இதெல்லாம்? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும்மா. படிச்ச படிப்பை அவன் வேற எங்க காட்டுவான்? கோர்ட்டுல இன்னும் வாயைத் திறக்கவே விடலையாம்."

எழுதிக்கொண்டே போனோம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அவர் குரல் மாறியது.

"ஒண்ணு போடணும்டா. எங்க டெப்போல டயர் செக்‌ஷன்ல ஒருத்தன் இருந்தான். வீட்டை எழுதி வாங்கிட்டு அவனைக் கொண்டுபோய் ஒரு ஹோம்ல தள்ளிட்டாங்க. நான் போய்ப் பாத்தேன். ஜன்னல் இல்லாத ரூம். எனக்கு அது வேண்டாம்."

"நாங்க அப்படிச் செய்வோமா மாமா?" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ செய்ய மாட்டேம்மா. உனக்கு வரப்போற மருமக செய்யலாம்ல."

அம்மா சிரித்துவிட்டாள். நான் எழுதினேன்: அவர் தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் இந்த வீட்டுக்கு வெளியே வேறு இடத்தில் தங்கும்படி ஆனால், ஒப்பந்தம் அன்றோடு முடியும், வீடு அவருக்கே திரும்பும்.

அடுத்தது மருத்துவம். எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று எழுதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தும்மினதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடாதே. உங்கம்மா செய்வா. நான் கேட்டா மட்டும் கூட்டிட்டுப் போ."

"எப்படிக் கேப்பீங்க?"

"சீட்டுல எழுதித் தரேன். சீட்டு இல்லாம என் ஸ்டோர்ல ஒரு நட்டு வெளிய போனது கிடையாது. ஜெனரல் மேனேஜரே வந்து நின்னாலும் சீட்டு."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் எழுதினேன்: மருத்துவ உதவி வேண்டுமானால் அவர் அதைக் கைப்பட எழுதிக் கேட்க வேண்டும், எழுதிக் கேட்ட அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். படித்துக் காட்டியதும், "அடப்பாவி, நிஜமாவே போட்டுட்டான் பாரு" என்று மேசையைத் தட்டினார். கையெழுத்துப் போட்டோம். அந்தச் சிரிப்பு ஒப்பந்தத்தில் இல்லை மேடம். காகிதத்தில் வரி மட்டும்தான் இருக்கிறது.

அதன் பிறகு மூன்று வருடம் அவர் சீட்டுக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். வீட்டில் அது ஒரு விளையாட்டு. காலையில் எழுந்து வந்தால் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டியிருக்கும். 'முழங்கால், வலது, ஒன்று. தேய்மானம். மாற்று இருப்பில் இல்லை.' இன்னொன்று: 'பல், இடது கீழ். வலியை மறக்கப் பாடுகிறேன். உங்கள் நலன் கருதி டாக்டர்.' அம்மா படித்துவிட்டுச் சிரிப்பாள், நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட்டிப்போவேன். ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை. இருபத்து மூன்று சீட்டு. எல்லாவற்றிலும் தேதி போட்டு, ஓட்டை போட்டு, ஃபைலில் வைத்திருக்கிறேன். அந்த ஃபைல் உங்களிடம்தான் இருக்கிறது.

இதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று சந்தேகம் வந்தால், கையெழுத்துப் போட்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்க்கிற வழக்கம் உண்டு. மூன்று வருடம் இரண்டு பக்கமும் சீட்டைக் கொடுத்து வாங்கியே நடந்தால், சீட்டு என்பது வேடிக்கை என்று யார் சொல்ல முடியும்? நான் இதைத் தப்பித்துக்கொள்ளச் சொல்லவில்லை. அன்றைக்கு என் தலைக்குள் என்ன ஓடியது என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

கல்யாணமாகிப் போன அக்காவுக்குப் பிரசவ நேரம். அம்மா சனிக்கிழமை கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாத்திரை காலைல ஒண்ணுதான். மறந்து ரெண்டு போட்டுருவார், நீ எடுத்துக் குடு. சாயந்திரம் வந்து கொஞ்சம் பேச்சுக் குடுடா. தனியா இருந்தா சுருங்கிப் போயிடுறார்."

"போய்ட்டு வாம்மா. இவன் இல்லேன்னா நான் நிம்மதியா டிவி பாப்பேன்" என்றார் உள்ளேயிருந்து.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு டீ எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. வலது கை தொங்கியது. இடது கையால் அதைத் தூக்கி, வேறு யாருடைய பொருளையோ எடுத்து வைப்பதுபோல மடியில் வைத்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை.

அது என்னவென்று எனக்குத் தெரியும். பல்லுக்குக் கூட்டிப்போன கிளினிக்கில், உட்காரும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே வாருங்கள், முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அதையும் முழுசாகப் படித்திருந்தேன்.

டீயை ஸ்பூனால் கொடுத்தேன். பாதி வழிந்தது. துடைத்தேன். துடைக்கும்போதே இரண்டு வீடு தள்ளி இருக்கிற தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவருக்கும் இதேதான். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள், பிறகு உடற்பயிற்சி கொடுக்கிற ஒரு சென்டரில் முப்பத்து மூன்று நாள். மொத்தம் நாற்பத்தைந்து. எங்கள் காகிதத்தில் முப்பது. 'ஆஸ்பத்திரி தவிர' என்று நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன், அனுபவம் போதவில்லை.

நான் அவரை வெறுக்கவில்லை மேடம். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று இல்லை, ஆனாலும் அடித்து வைக்கிறேன். அந்த நேரம் என் கண் முன்னால் இருந்தது அம்மா, சிலிண்டர், மழை. எட்டாவது வீடு ஒன்று அவளுக்கு வந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான்.

சரி, அவர் இன்னும் கேட்கவில்லையே என்று தோன்றியது. அந்த வரிப்படி அவர் கேட்டால்தான் எனக்குக் கடமை. மேசையிலிருந்து சீட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"எழுதித் தாங்க பெரியப்பா."

புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விழாத பக்கத்து உதடு மேலே போனது. நான் அவரைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் சிரித்து முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து, தலையைச் சீவிவிட்டு, ஒன்பதரைக்கு ஆபீசுக்குப் போனேன்.

பதினோரு மணிக்கு சீனியரிடம் கேட்டேன். டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். முப்பது நாளுக்கு மேல வேற இடத்துல தங்கினா ஒப்பந்தம் முடியும்னு ஒரு ஷரத்து. ஆஸ்பத்திரியில இருந்தா அதுவும் வேற இடம்தானே?"

"ஆஸ்பத்திரி தவிரன்னு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப வரியை வரியா படிச்சா வேற இடம்தான். ஆனா கோர்ட்டு அப்படி மட்டும் படிக்காது. எதுக்கு அதைப் போட்டாங்க?"

"அவரை ஹோம்ல தள்ளிடக் கூடாதுன்னு சார்."

"அவரைக் காப்பாத்தப் போட்ட வரி. அதை வச்சே அவர் கழுத்தைப் பிடிக்க முடியுமா? எந்த ஜட்ஜும் ஒத்துக்க மாட்டார்." பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யாரு கட்சிக்காரர்? ஆளுக்கு உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

"சும்மா தெரிஞ்சிக்கக் கேட்டேன் சார்."

"சும்மா கேட்டா சரி. நிஜ ஆளா இருந்தா முதல்ல அவரைத் தூக்கிட்டுப் போகச் சொல்லு. ஷரத்து எங்கயும் ஓடிடாது."

என் நோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்றைய தேதியில், 'வரியாகப் படித்தால் வேறு இடம்தான், சீனியர் கருத்து' என்று மட்டும் இருக்கும். மிச்சம் அவர் சொன்னதும் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. எழுதிக்கொள்ளவில்லை.

சாயந்திரம் ஐந்தரைக்குத் திரும்பினேன். அதே இடத்தில், கொஞ்சம் சரிந்து உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. மாற்றிவிட்டேன். சட்டையையும் மாற்றினேன், நீலச் சட்டை, அவருக்குப் பிடித்தது. கண் என் கூடவே வந்தது. பேனா தரையில் கிடந்தது. சீட்டுப் புத்தகம் இடது பக்கம் இருந்தது. மேல் தாளில் இடது கையால் ஏதோ எழுதியிருந்தார். கிழித்து, தேதி போட்டு, ஃபைலில் வைத்தேன். இருபத்து நான்கு.

அம்மா பேசச் சொல்லியிருந்தாள் அல்லவா. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு ஆபீசில் நடந்ததைச் சொன்னேன். பிஸ்கட் உடைந்து விழுந்ததைச் சொன்னேன். என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்பதைச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ் திரும்பியபோது அவர் கண் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா ஆபீசுக்கு போன் செய்தாள். அக்காவுக்குப் பெண் குழந்தை.

"மாமா போனை எடுக்கல. பாப்பா பொறந்ததைச் சொல்லலாம்னு பாத்தேன்."

"தூங்கிட்டிருப்பார்மா."

"நீ போனதும் சொல்லிடு. தாத்தா ஆயிட்டேன்னு ஆடுவார் பாரு."

சீக்கிரமே கிளம்பி மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனேன். சொன்னேன் மேடம். பெண் குழந்தை பெரியப்பா, இரண்டே முக்கால் கிலோ என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் மூச்சு விடவில்லை என்று பார்த்தேன். கை ஆறியிருந்தது.

வந்து பார்த்த டாக்டர், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். திங்கள் காலை ஏழு பத்து என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதிலிருந்துதான் இது உங்களிடம் வந்தது. எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன்.

அம்மா மறுநாள் வந்தாள். அழவில்லை. அவர் தலைமாட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சீட்டு எதுவும் குடுத்தாராடா?"

"ஒண்ணு இருக்கும்மா. படிக்க முடியல."

"எனக்குக் காட்டு."

காட்டினேன். அவளாலும் முடியவில்லை. கோடாகத்தான் இருக்கிறது என்றாள். விரலால் அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. வீடு இப்போது அவளுடையதுதான், அந்த வரையில் காகிதம் சரியாகவே இருக்கிறது. ஆனால் அவள் அங்கே இல்லை. அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

கையெழுத்து பார்க்கிற உங்கள் நிபுணரும் அது எழுத்தே இல்லை, வெறும் கிறுக்கல் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். அது எனக்குச் சாதகம் என்று எனக்கு அமர்த்திய வக்கீல் சொன்னார். அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார். விட முடியாது, அது தவறான அறிக்கை. மூன்று வருடமாக அவர் கையெழுத்தைப் படிக்கிறவன் நான். எந்த எழுத்தில் ஆரம்பிப்பார், எங்கே இழுப்பார் என்று தெரியும். அம்மாவிடம் படிக்க முடியவில்லை என்று சொன்னது பொய். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், திருத்திக்கொள்கிறேன். திங்கட்கிழமை சாயந்திரம், கிழிப்பதற்கு முன்னாலேயே, முதல் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

'பயமா இருக்கு பாயிண்டு' என்று எழுதியிருந்தார்.

அதை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். டாக்டர் என்றோ ஆஸ்பத்திரி என்றோ எங்கேயும் இல்லை. ஒரு சொல் இருந்திருந்தால் போதும் மேடம், அன்றைக்கே கூட்டிப்போயிருப்பேன்.